ரொட்டி வேனில் ஒரு தவசு காலம்

செர்டாங்,
3-3-1979

இருளின்மேல் ஒளியையும் வெறும் மண்ணின்மேல் பசுமையையும் விரித்தருளிய சர்வேசுரனுக்கு முடிவில்லாத தோத்திரம். அவருடைய திருத்தாயாரின் அடைக்கலம் நம் எல்லாருக்கும் உண்டாவதாக.

அன்புள்ள ரோசம்மாவுக்கு,

உன் கணவன் இஞ்ஞாசிமுத்து எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீயும் மகன் ஜெரார்டும் மருமகள் ஜேனும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

சாம்பல் புதன் பூசை முடிந்த கையோடு புறப்பட்டவன், அன்று மாலைதான் பக்கிரிசாமியின் நிலத்தை வந்தடைந்தேன். வேன் வழியில் இரண்டு இடங்களில் நின்றது. அதை விற்ற ரொட்டிக் கடைச் சீனர் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று முன்பே சொன்னார். அவர் பொய்யர் அல்லர். ரொட்டித் தட்டுகள் அடுக்கும் பலகைகளைக் கழற்றிவிட்டு அங்கே என் பாயை விரித்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் ரொட்டி சுமந்த வண்டியாதலால் வாசனை இன்னும் போகவில்லை. ஒருசந்தி நோன்பு இருப்பவன் ரொட்டி மணத்தில் உறங்க நேர்ந்ததை இந்தத் தவசு காலத்துச் சோதனையாக ஏற்றுக்கொண்டேன். எறும்புகள் மட்டும் இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை.

நிலம் மூன்று ஏக்கர். துரைமார் ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுதுண்டாக விற்றபோது பக்கிரிசாமி வாங்கியது. மனைவி இறந்தபின் பத்து ஆண்டுகளாக அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது ஆளுயர லாலாங் புல்லும் அதற்கு மேல் முட்புதரும் கொடியும். ஜூன் மாதக் கடைசிக்குள் காட்டை வெட்டி நடவு செய்யாவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக நில அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அவருக்கும் வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஆள் வைக்க வசதி இல்லை. ஜெரார்ட் பிறந்த வெள்ளத்தில் தோட்டத்து லாரியில் உன்னை ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சாலையில் மருத்துவமனைவரை ஓட்டிய மனிதர் அவர். அவர் கேட்டு நான் மறுப்பது எப்படி?

காட்டு நிலத்துக்குப் பழம்புலவர்கள் முல்லை என்று பெயரிட்டு, அதற்குரிய ஒழுக்கம் இருத்தல் என்றார்கள். வினைமேற் சென்ற தலைவன் மீளும்வரை தலைவி பொறுத்திருப்பதே அந்நிலத்தின் அழகு. இரண்டே வாரம். பொறுத்திரு.

அன்று கூடத்தில் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. இடுப்புக்குத் தைலம் தேய்க்க மறவாதே.

ஆசீர்வாதத்துடன்,
இஞ்ஞாசிமுத்து

*

பாக்கார் ஆராங்,
24-3-1979

தேவமாதா துணை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அவர்களுக்கு, உங்கள் ரோசம்மா எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு வாரம் என்று எழுதியிருந்தீர்கள். இன்றோடு மூன்று வாரமும் மூன்று நாளும் ஆகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "உபதேசியார் எங்கக்கா? ஆளையே காணோம் லா" என்கிறார்கள். ஞானத்தியானத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பிறகு பொய் சொன்னதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கூண்டுக்குள் சாமியார் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். சாயங்காலம் ஏழு மணி. ஜேனின் அப்பாவும் அம்மாவும் விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெப நேரம் என்று சொல்லி நீங்கள் போய் டெலிவிஷனை அணைத்தீர்கள். ஜெரார்ட், "அப்பா, இது என் வீடு" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். நடந்தது அவ்வளவுதான். அடுத்த வாரம் பக்கிரி அண்ணனின் கடிதம் வந்தது. மோட்சத்திலிருந்தே அழைப்பு வந்த மாதிரி கிளம்பிவிட்டீர்கள்.

முல்லையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பொறுத்திருப்பதுதான் அழகு என்று பாடிய புலவர்களில் ஒருவராவது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெரார்ட் தினமும், "அம்மா, அப்பா எப்ப வர்றாரு?" என்று கேட்கிறான். "நீயே ஒரு கடுதாசி போட்டுக் கேளேன்" என்றேன். "எனக்குத் தமிழ் எழுதி ரொம்ப நாளாச்சும்மா, வராது" என்றான். வராமலா போகும்? பிரம்பை வைத்துக்கொண்டு நீங்கள்தானே கற்றுக் கொடுத்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜேன் நல்ல பெண். நீங்கள் போன நாளிலிருந்து உங்கள் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறாள். எப்போது வருகிறீர்கள்?

உங்கள்,
ரோசம்மா

*

செர்டாங்,
5-4-1979

முள்ளும் குருக்கும் முளைத்த பூமியிலும் மனிதனுக்கு அப்பத்தை ஒளித்து வைத்திருக்கிற ஆண்டவருக்குத் தோத்திரம்.

அன்புள்ள ரோசம்மாவுக்கு,

கடிதம் கண்டேன். புலவர்களுக்கு உன் கேள்வியைச் சேர்ப்பிக்க இயலவில்லை. அவர்கள் சார்பில் நானே தலைகுனிகிறேன்.

வேலை நான் எண்ணியதினும் பெரிது. லாலாங்கை மேலே வெட்டினால் மூன்றாம் நாள் மீண்டும் தலை நீட்டுகிறது. மண்வெட்டியால் கொத்தி, அடியில் ஓடும் வெள்ளை வேரை முழம் முழமாக உருவி எடுக்க வேண்டும். எடுத்ததை வெயிலில் உலர்த்தித் தீயிட வேண்டும். அட்டைகள் ஏறாதிருக்கக் காலில் சவர்க்காரம் தடவிக்கொள்கிறோம். பக்கிரிசாமி தம் அறையிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். கை சோர்ந்துபோகாமலிருக்க நான் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறேன். அவர் ஒவ்வொரு வெட்டுக்கும் 'வேண்டிக்கொள்ளும்' என்று மறுமொழி தருகிறார். என் புனிதர்கள் தீர்ந்ததும் அவர் முருகனின் பெயர்களைத் தொடங்குகிறார். அதற்கு நான் மறுமொழி சொல்வதில்லை. ஆனால் என் பாராங் கத்தி அந்தத் தாளத்தில்தான் விழுகிறது. ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

நிலத்தின் மேட்டுப்பக்கம் ஒரு காட்டத்தி மரம். அதன் வேரடியில் முழங்காலளவு கல் ஒன்று பாசி மூடி நிற்கிறது. மேலே சூலம்போல் ஒரு குறி. பழைய தோட்டத்துச் சனங்கள் வைத்து வணங்கிய முனியாண்டிக் கல்லாக இருக்கலாம். பக்கிரிசாமி அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார். ஏனென்று நான் கேட்கவில்லை. அதைச் சுற்றி ஆறடி விட்டே இருவரும் வெட்டுகிறோம். கல்லைத் தாண்டி ஓடைவரைக்கும் அவருடைய நிலம். அந்தப் பகுதியை முழுமையும் சுத்தம் செய்துவிட்டோம்.

இனி முக்கியமான செய்தி. அந்த ஓடைக்கரை மேட்டைக் காட்டி அவர், "உபதேசியாரே, இந்த மூலைய நீங்க எடுத்துக்குங்க. அக்காவுக்கு ஒரு வீடு கட்டுங்க. எனக்கு இருக்குறதே போதும்" என்றார். வாங்கிய மரத்தில் நான்கு தூண்களும் நட்டாயிற்று. காலை வெயில் முன்பக்கம் விழும். ஓடையின் சத்தம் கேட்கும். ரோசம்மா, ஈஸ்டர் முடிந்ததும் நீ இங்கே வந்துவிடு. இங்கே 'இது என் வீடு' என்று எவரும் நம்மிடம் சொல்லமாட்டார்.

அன்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் என்னோடு இருந்தவள் தரையைப் பார்த்தாய். அதைத்தான் என்னால் மறக்க இயலவில்லை; மகன் சொன்னதை அல்ல.

வேன் கிளம்ப மறுக்கிறது. பாஸ்கா இராப்பூசைக்கு இங்குள்ள சிற்றாலயத்துக்கே போகலாமென்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து

*

பாக்கார் ஆராங்,
17-4-1979

தேவமாதா துணை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அவர்களுக்கு,

ஈஸ்டர் வந்து போயிற்று. மேசையில் உங்களுக்கும் தட்டு வைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஜெரார்ட் காரை எடுத்துக்கொண்டு போனான். "எங்கடா?" என்றால், "மிஞாக் போடப் போறேன்" என்றான். பெட்ரோல் போட இரண்டு மணி நேரமா ஆகும்? மறுநாள் பக்கத்து வீட்டு வால்டர் சொன்னார்: பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தானாம். வேன் பழுதென்று நீங்கள் எழுதியிருந்ததை நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தாளில் எழுதிவிடுகிறேன்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் ஒன்பது தோட்டத்து அறைகளில் நீங்கள் என்னைக் குடிவைத்தீர்கள். எல்லாம் கோவிலுக்குப் பின்பக்கம். துரை மாறினால் நாமும் மாறினோம். ஜெரார்ட் வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோதுகூட ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். நீங்கள் வேதத்தில் இருக்கிற பரதேசிகளின் கதையைச் சொல்லி எனக்கு ஆறுதல் தந்தீர்கள். நான் பானைகளைக் கட்டினேன். ஒருநாளும் குறை சொல்லவில்லை.

"இது என் வீடு" என்று அவன் சொன்னபோது உங்களுக்குக் கேட்டது ஒன்று, எனக்குக் கேட்டது வேறொன்று. யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு வீட்டின் நடுவில் என் பிள்ளை நிற்கிறான் என்றுதான் எனக்குக் கேட்டது. எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. தகப்பனை எதிர்த்துப் பேசுகிறான் என்று தெரிந்தும் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்துதான் தரையைப் பார்த்தேன். அதற்காக என்னை மன்னியுங்கள்.

பக்கிரி அண்ணன் தங்கமான மனிதர். ஆனாலும் அது அவருடைய மண். நாளைக்கு அவர் பிள்ளைகள் வந்து கேட்டால்? எனக்கு அது பத்தாவது அறையாகத்தான் இருக்கும். நான் வரமாட்டேன். உங்களுக்கு நான் 'மாட்டேன்' என்று சொல்வது இதுதான் முதல் தடவை. கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

உங்கள்,
ரோசம்மா

*

செர்டாங்,
6-5-1979

மறைந்திருப்பவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற ஆண்டவருக்குத் தோத்திரம்.

அன்புள்ள ரோசம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பதிலுக்குச் சொற்களைத் தேடினேன். கிடைத்தவையெல்லாம் என்னையே நீதிமான் ஆக்கின. ஆகவே எழுதவில்லை. தூண்களுக்குமேல் உத்தரம் ஏற்றும் வேலையில் இறங்கினேன். கட்டி முடித்தால் நீ மனம் மாறுவாய் என்று எண்ணினேன் என்பதை மறைக்கவில்லை.

நேற்றுக் காலை நான் ஏணியில் நின்று ஆணி அறைந்துகொண்டிருந்தேன். அக்கரையிலிருந்து தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாள், கையில் பாராங்குடன் ஓடையைக் கடந்து வந்தார். பெயர் ராக்காயி, ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. தூண்களை ஒருமுறை சுற்றி வந்தார்.

"யாரு வீடு இது?" என்றார்.

நான் ஏணியிலிருந்தபடியே, "என் வீடு" என்றேன்.

"அப்படியா? என் நிலத்துல உங்க வீடா! நல்லாருக்கு லா கதை."

பக்கிரிசாமி ஓடி வந்தார். "அக்கா, ஓடை வரைக்கும் என் நிலம்."

"யாரு சொன்னா? ஓடை வந்து உங்ககிட்ட சொல்லுச்சா? அது மழைக்கு மழை எடம் மாறும். கல்லப் பாருங்கண்ணே, கல்ல!"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் நேரே அத்திமரத்தடிக்குப் போனார். நாங்கள் இரண்டு மாதமாக ஆறடி விலகி நடந்த அந்தக் கல்லின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பாராங்கின் முதுகால் பாசியைச் சுரண்டினார். உள்ளே ஓர் அம்புக்குறி. அதன் கீழே எண்கள். அளவைக்காரர்கள் நட்ட எல்லைக்கல்.

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். "உபதேசியாரே, நான் அதச் சிலுவைனு நெனச்சேன். உங்காளுங்க யாரோட கல்லறையோன்னு செருப்பக் கழட்டுனேன். நீங்களும் ஒதுங்குனீங்க, சரிதான்னு விட்டுட்டேன்."

"நான் சூலம்னு நெனச்சேன் ஐயா. நீங்க செருப்பக் கழட்டுனதப் பாத்துட்டுத்தான் ஒதுங்குனேன்."

ராக்காயி அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளங்கிரும்! சர்வேக்காரன் கல்லச் சுத்திச் சுத்தி வந்திருக்கீங்க. ஒரு சூடம் கொளுத்தலியா? ஒரு மெழுகுவத்தி?" என்றார். பக்கிரிசாமி சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அயலானின் எல்லைக்கல்லைப் பேண வேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் போதித்தவன் நான். பேணினேன்தான், அதைத் தாண்டி ஓர் ஏக்கர் வெட்டினேன், நான்கு தூணும் நட்டேன்.

ஆக, நாங்கள் சுத்தம் செய்ததில் ஓர் ஏக்கர் அவருடையது. பக்கிரிசாமியின் ஓர் ஏக்கர் மறுபுறத்தில் அப்படியே காடாக நிற்கிறது. ஜூன் முடிய எட்டு வாரம்தான். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சினோம். ராக்காயி அம்மாள், "ஓசியில வேல வாங்குற பழக்கம் எனக்கு இல்ல. என் காட்ட நீங்க வெட்டுனீங்க. நாளையிலேருந்து உங்க காட்டுக்கு நான் வர்றேன். ஆனா அந்தத் தூண மட்டும் புடுங்கிறாதீங்க. ஆட்டுக் கொட்டாய்க்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

ரோசம்மா, அவர் போனபின் நான் வேனுக்குள் வந்து உட்கார்ந்தேன். தூண்களுக்காக வருந்தவில்லை. 'என் வீடு' என்று ஏணிமேல் நின்று சொன்னேனே, அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அதில் இறுமாப்பு இல்லை. எவரையும் துரத்தும் எண்ணமும் இல்லை. அறுபத்தாறு வயதில் முதன்முறையாக அந்தச் சொற்கள் என் நாவில் வந்தன, தித்தித்தன. முப்பது வயதில் ஒருவனுக்கு எப்படித் தித்தித்திருக்கும்! நீ அதை எழுதியே அனுப்பியிருந்தாய். வாசித்தவனுக்குத்தான் அறிவு பிந்தியது.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். ஒன்பது அறைகளுக்காகவும்.

பக்கிரிசாமியின் காட்டை முடிக்காமல் நான் வருவது முறையல்ல. முடித்தபின் அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா? இதை யாரிடம் கேட்பது என்றும் நீயே சொல்.

உன்,
இஞ்ஞாசிமுத்து

*

பாக்கார் ஆராங்,
12-5-1979

தேவமாதா துணை.

என் அன்புக்கு உரிய அவர்களுக்கு,

கடிதத்தை ஜேனுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுக் கொட்டாய் வந்த இடத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் நான் தனியாக வாசித்தேன்.

இடம் உண்டா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டுச் சொல்லமாட்டேன். முப்பது வருஷமாக உங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்தது போதும்.

வேனில் இரண்டு பேர் படுக்கலாமா? வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் நான் வருகிறேன். குடியிருக்க இல்லை. எட்டு வாரமும் மூன்று கிழடுகளும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு காடு வெட்ட முடியாது. யாராவது உலை வைக்க வேண்டும். ஜெரார்ட் கொண்டுவந்து விடுவான். வெள்ளிக்கிழமை அவனுக்கு வார லீவு. கடைக்குப் போய்ப் புதுப் பாராங் ஒன்று வாங்கி, பேப்பரில் சுற்றிக் காருக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். அதை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியாது. முதல் நாளே திருத்தாதீர்கள்.

உங்கள்,
ரோசம்மா

*

செர்டாங்,
1-7-1979

கூரை இல்லாதவர்களோடும் கூரை உள்ளவர்களோடும் வாசம்செய்கிற சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

அன்புள்ள மகன் ஜெரார்டுக்கு,

உன் தகப்பன் எழுதிக்கொள்வது. உன் தாய் வேனின் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அவள் இவ்வளவு அருகில் இருப்பதால் அவளுக்குக் கடிதம் எழுதும் தேவை எனக்கு இல்லாமல் போயிற்று. ஆகவே உனக்கு எழுதுகிறேன். இதுதான் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் என்பது முதல் வரியை எழுதிய பிறகே எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை அதிகாரி வந்தார். வரிசையாக நிற்கும் செம்பனைக் கன்றுகளினூடே கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுத் தாளில் கையொப்பமிட்டார். நிலம் பக்கிரிசாமிக்கே நிலைத்தது. அவர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். ராக்காயி அம்மாள்தான், "அழுறதுனா இங்கயே அழுங்கண்ணே, யாரும் பாக்கல" என்று கத்தினார்.

ஆறு வெள்ளிக்கிழமைகள் நீ வந்தாய். நாம் இருவரும் பேசியவை 'தண்ணி', 'அந்தப் பக்கம்', 'பாத்துப்பா' என்பவை மட்டுமே. அவை எனக்குப் போதுமானவையாக இருந்தன. உன் உள்ளங்கைக் கொப்புளங்களுக்கு மருந்து போடு.

நீ பாக்கார் ஆராங்கில் குடிபுகுந்த நாளில் சாமியார் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். நான் பின்னால் நின்று, சமையலறை ஒடுக்கம், சன்னல் சிறிது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருடைய வீடுகளில் முழந்தாளிட்டு ஜெபம் சொன்னவன், உன் வீட்டுக்கென்று ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. அந்தக் கடனை இக்கடிதத்தின் முடிவில் தீர்க்கிறேன்.

அதற்குமுன் ஒரு விண்ணப்பம். நானும் உன் தாயும் உன் வீட்டில் வந்து தங்கலாமா? தகப்பன் என்ற உரிமையால் கேட்கவில்லை. ஒருவன் வீட்டுக்குள் நுழையுமுன் கேட்பதே முறை; அதை நான் முன்பு செய்யவில்லை. ஜேனிடமும் கலந்து பேசு. வேண்டாம் என்று தோன்றினாலும் எனக்கு வருத்தமில்லை. வேனில் உன் தாய் திரைச்சீலைகூடத் தைத்து மாட்டிவிட்டாள். வரலாம் என்றால், அங்கே எந்த நேரத்துக்கு எது என்பதை நீங்கள் இருவரும் சொல்லுங்கள். நான் அதற்கேற்ப என் ஜெபத்தை அமைத்துக்கொள்கிறேன்.

மகனே, ஆண்டவர் உன் வாசற்படியையும் நிலைக்காலையும் காப்பாராக. உன் அடுப்பில் நெருப்பும் உன் பானையில் அரிசியும் குறையாதிருப்பதாக. அங்கே உண்பவர்கள் நிறைவதாக; உறங்குபவர்கள் அச்சமின்றி உறங்குவதாக. ஜேனின் கை தொட்டதெல்லாம் தழைப்பதாக. அந்த வீட்டை விட்டு உன்னைப் போ என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லாதிருப்பதாக, உன் தகப்பனுக்கும். உன்மேலும், உன்னைச் சேர்ந்தவர்கள்மேலும், உன் வீட்டின்மேலும் சமாதானம் தங்குவதாக.

உன் அப்பா,
இஞ்ஞாசிமுத்து